போர்ட் மதுவும் எட்னாவின் விளக்கும்: மகளோடு ஒரு நாடகம் படித்த அனுபவம்

என் மகள் பதினோராம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தபோது, மார்கழி மாதத்து மொக் என்ற ஒத்திகைப் பரீட்சையின் ஆங்கில இலக்கிய விடைத்தாளைக் குசினி மேசையில் குப்புற வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டாள். திருப்பிப் பார்த்தேன்: 34க்கு 13 புள்ளி. ஓரத்தில் ஆசிரியை பச்சை மையில் இரண்டு குறிப்புகள் எழுதியிருந்தார். ‘கதையைச் சொல்லியிருக்கிறாய், நாடகாசிரியர் என்ன செய்கிறார் என்று சொல்லவில்லை’ என்பது முதலாவது. ‘வர்க்கம் பிறப்போடு தீர்மானமாகிவிடும் ஒன்று என்று எழுதியிருக்கிறாயே, பேர்லிங்கைத் திரும்பப் படித்துப் பார்’ என்பது இரண்டாவது. இரண்டாவதை வாசித்தபோது எனக்கு முகம் சுட்டது. ஏனென்றால் அந்த வசனத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

நாடகம் ஜே. பி. பிரீஸ்ட்லியின் ‘அன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ்’. இங்கிலாந்தில் பதினாறு வயதளவில் ஜி.சி.எஸ்.ஈ. என்ற பொதுப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பெயர் பழகிப்போன ஒன்று. 1912ஆம் ஆண்டின் வசந்த காலத்து இரவொன்றில், பிரம்லி என்ற கற்பனை ஆலை நகரில், முதலாளி ஆர்தர் பேர்லிங்கின் வீட்டில் மகள் ஷீலாவின் நிச்சயதார்த்த விருந்து நடக்கிறது. இன்ஸ்பெக்டர் கூல் என்று ஒருவர் வந்து, ஈவா ஸ்மித் என்ற இளம்பெண் கிருமிநாசினியைக் குடித்து இறந்துவிட்டாள் என்கிறார். பேர்லிங் அவளை வேலையால் நிறுத்தியவர். ஷீலா அவளை அடுத்த வேலையிலிருந்தும் நீக்க வைத்தவள். மாப்பிள்ளை ஜெரால்ட் கிராஃப்ட் அவளைச் சில மாதங்கள் வைத்திருந்து கைவிட்டவன். மகன் எரிக் அவளைக் கர்ப்பமாக்கியவன். தாயார் சிபில் அவளுக்கு உதவ மறுத்தவர். கதை இவ்வளவுதான். அதனால்தான் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டாலே விடை எழுதிவிட்டதாகப் பிள்ளைகளுக்குத் தோன்றிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் நான் சாதாரண தரத்துக்குத் தமிழ் இலக்கியம் படித்த காலத்தில், பாத்திரத்தின் பண்புகளை விளக்குக என்று வினா வந்தால் எங்கள் விடை பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே இருக்கும். கொடையுள்ளம், நட்பில் உறுதி, வாக்குத் தவறாமை என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவத்தையும் மனனம் செய்த ஓர் அடியையும் வைத்துவிட்டால் போதும். அதே அச்சில்தான் மகளுக்கும் வார்த்துக் கொடுத்தேன்: பேர்லிங் பேராசைக்காரர், சிபில் இரக்கமற்றவர், ஷீலா மனந்திருந்தியவள், எரிக் குடிகாரன். வர்க்கம் என்றால் என்ன அப்பா என்று அவள் கேட்டபோது, எங்கட ஊரில சாதி மாதிரித்தான் பிள்ளை, இங்க அதுக்குக் கிளாஸ் எண்டு பேர் என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டேன். தேநீர்க் கடையில் சிலருக்குத் தனிப் பேணி வைத்திருந்த ஊர்க்கதையையும் சொன்னேன். அவள் அதை நம்பி, பேர்லிங் பிறப்பால் உயர்ந்தவர், ஈவா பிறப்பால் தாழ்ந்தவள், ஆகவே இருவருக்கும் இடையிலான கோடு அழியாதது என்று ஒரு பக்கம் எழுதிவிட்டாள். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் பொருந்துவது போலத்தான் இருக்கும்.

நத்தார் விடுமுறையில் அவளுடைய பிரதியை வாங்கி முதற்பக்கத்திலிருந்து வாசித்தேன். அதுவரை நான் நாடகத்தையே படித்திருக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இணையத்தில் கிடைத்த சுருக்கத்தை வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்தியிருந்தேன். முதற்பக்கத்து மேடைக் குறிப்பிலேயே என் விளக்கம் உடைந்தது. திருமதி பேர்லிங்கை அறிமுகப்படுத்தும்போது, சமூகத் தரத்தில் கணவனைவிட மேலானவர் என்று பிரீஸ்ட்லி எழுதுகிறார். கணவனைப் பற்றியோ, அவருடைய பேச்சில் மாகாண வாடை அடிக்கிறது என்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேசையில், இருபது வருடங்களுக்கு மேல் குடும்பம் நடத்திய இருவர் இரண்டு படிகளில் நிற்கிறார்கள். ஒருவர் மேலே பிறந்தவர், மற்றவர் காசைக் கொண்டு ஏறிக்கொண்டிருப்பவர். நான் அறிந்த சாதியில் காசைக் கொண்டு இப்படி ஏற முடியாது. இந்த நாடகத்தில் எல்லோரும் ஓர் ஏணியில் நிற்கிறார்கள். அதில் ஏறலாம் என்பதனால்தான் விழுந்துவிடுவோமோ என்ற பயமும் அவர்களைப் பிடித்து ஆட்டுகிறது.

அதற்குப் பிறகு நானும் மகளும் ஒரு வேலை செய்தோம். யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் இருப்பவர்களில் யார் யாருக்கு முன்னால் நெளிகிறார்கள் என்று மட்டும் தேடினோம். திரை விலகிச் சில நிமிடங்களுக்குள்ளேயே மூன்று இடங்கள் அகப்பட்டன. முதலாவது, போர்ட் மது. பேர்லிங் அதை ஜெரால்டுக்கு ஊற்றிக் கொடுக்கும்போது, உன் தகப்பனார் வாங்கும் அதே மதுதான் இது, கடைக்காரரே சொன்னார் என்கிறார். ஜெரால்டின் தகப்பன் சேர் ஜோர்ஜ் கிராஃப்ட் பெரிய ஆலையதிபர். அந்த மதுவின் சுவையைப் பற்றி பேர்லிங்குக்குக் கவலையில்லை. சம்பந்தி வீட்டுப் போத்தல் தன் மேசையிலும் இருக்கிறது என்பதே அவருக்குப் பெரிது. இரண்டாவது, சமையற்காரி. சாப்பாடு நன்றாயிருந்தது என்று சமையற்காரிக்கு என் சார்பில் சொல்லிவிடு என்று மனைவியிடம் சொல்கிறார். மனைவி உடனே கண்டிக்கிறார்: விருந்தாளிக்கு முன்னால் இப்படியெல்லாம் சொல்லக்கூடாதாம். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் என்ன பிழை என்றே முதலில் புரியாது. சமைத்த கையைப் புகழ்வது நல்ல குணமல்லவா? ஆனால் அந்த வீட்டின் கணக்கில், சாப்பாடு நன்றாக இருப்பது வழமை, அதை வியந்து பேசுவது புதுப்பணக்காரத்தனம். மூன்றாவது, சிறிது நேரத்தில் ஜெரால்டிடம் தனியாக வரும் ஒப்புதல். உன் தாயார் பழைய நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர், உனக்கு இன்னும் மேலான இடத்தில் பெண் எடுத்திருக்கலாம் என்று அவர் நினைக்கக்கூடும், ஆனால் அரசின் அடுத்த கௌரவப் பட்டியலில் எனக்கு ‘சேர்’ என்று போட்டுக்கொள்ளும் நைற் பட்டம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்று அவருக்குச் சாடையாகச் சொல்லிவை என்கிறார். கிராஃப்ட் தம்பதி விருந்துக்கு வரவில்லை. வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பது சொல்லப்படும் காரணம்.

இந்த மூன்றையும் குறித்துக்கொண்ட பிறகு, மகள் பேர்லிங்கைப் பற்றி முன்பு எழுதிய பந்தியையும் புதிதாக எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முன்பு எழுதியது: ‘பேர்லிங் ஒரு பேராசை பிடித்த முதலாளி. அவர் தொழிலாளருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கவில்லை. இதிலிருந்து அவர் சுயநலவாதி என்று தெரிகிறது.’ புதிதாக எழுதியது: ‘விருந்தாளிக்கு முன்னால் சமையலைப் புகழ்ந்து மனைவியிடம் கண்டிப்பு வாங்குபவராகப் பேர்லிங்கை அறிமுகப்படுத்துவதன் மூலம், எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிட்டு, வாங்க முடியாத ஒன்றுக்காக ஏங்குபவராகப் பிரீஸ்ட்லி அவரைப் படைக்கிறார், ஆகவேதான் ஒரு பெண்ணின் சாவைவிடக் கைக்கெட்டிய பட்டம் நழுவிப்போவது இறுதியில் அவரை வாட்டுகிறது.’ இரண்டாவதில் எழுவாய் பேர்லிங் அல்ல, பிரீஸ்ட்லி. ஆசிரியை மாதக் கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். பாத்திரத்தை நம் பக்கத்து வீட்டுக்காரரைப் போலப் பேசினால் கதைதான் வரும். ஒருவர் உட்கார்ந்து செய்த பொம்மை அது என்று நினைத்துப் பேசினால், ஏன் இந்தச் சொல், ஏன் இந்த இடத்தில் என்ற கேள்வி தானாக வந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் வந்த பிறகும் பேர்லிங் செய்யும் முதல் வேலை அவரை ஏணியில் ஒரு படியில் நிறுத்திப் பார்ப்பதுதான். தான் நகரபிதாவாக இருந்தவர், நீதவான், பொலிஸ் தலைமை அதிகாரி தன் நண்பர், இருவரும் கோல்ஃப் விளையாடுவோம் என்கிறார். நான் கோல்ஃப் விளையாடுவதில்லை என்கிறார் இன்ஸ்பெக்டர். விளையாடுவீர் என்று நான் நினைக்கவில்லை என்கிறார் பேர்லிங். மகளுக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போனது. நான்கு வரியில் ஒரு சமுதாயமே இருக்கிறது, மனனம் செய்யவும் சுகம் என்றாள். புத்தகத்தைக் கொண்டுபோக விடாத பரீட்சையில் அந்தச் சுகமும் முக்கியம்தான்.

அடுத்து நாங்கள் செய்தது காசுக் கணக்கு. ஈவாவுக்குப் பேர்லிங்கின் ஆலையில் வாரச் சம்பளம் இருபத்திரண்டு ஷிலிங் ஆறு பென்ஸ். அவளும் மற்றவர்களும் கேட்டது இருபத்தைந்து ஷிலிங். ஒரு ஷிலிங்குக்கு 12 பென்ஸ் என்பதால் வித்தியாசம் இரண்டரை ஷிலிங். 1910 செப்ரெம்பரில் அந்த இரண்டரை ஷிலிங்குக்காகத்தான் வேலைநிறுத்தம் நடந்தது, அது தோற்றது, முன்னின்ற நான்கைந்து பேரை அவர் நிறுத்தினார். எரிக் தகப்பனின் அலுவலகத்திலிருந்து திருடி அவளுக்குக் கொடுத்தது ஏறத்தாழ ஐம்பது பவுண். அந்தக் காலத்தில் ஒரு பவுணுக்கு 20 ஷிலிங். ஆக ஆயிரம் ஷிலிங். ஈவாவின் சம்பளத்தில் நாற்பத்து நான்கு வாரங்களுக்கு மேல். வீட்டுப் பையன் கணக்கில் வராமல் எடுக்கக்கூடிய தொகை ஒரு தொழிலாளியின் ஏறக்குறைய ஒரு வருட உழைப்பு. இந்தக் கணக்கை விடையில் போடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைக் கடதாசியில் போட்டுப் பார்த்த பிறகுதான் ‘ஏற்றத்தாழ்வு’ என்று அவள் சும்மா எழுதிவந்த சொல்லுக்கு ஒரு கனம் வந்தது.

சிபில் பேர்லிங்கை இரக்கமற்றவர் என்று எழுதி நிறுத்திவிடுவது பெரிய இழப்பு. அவர் ஒரு பெண்கள் தர்மசபையில் முக்கியமானவர். கர்ப்பிணியான ஈவா அங்கே உதவி கேட்டு வந்து, தன் பெயர் திருமதி பேர்லிங் என்கிறாள். அந்த இடத்திலேயே அவள் கதை முடிந்துவிடுகிறது: பெயரைத் திருடியது சிபிலுக்கு ஆளைக் கொன்றது போன்ற குற்றம். பிறகு, குழந்தையின் தகப்பன் கொடுத்த பணம் திருட்டுப் பணம் என்று அறிந்ததால் அதை வாங்க மறுத்தேன் என்று அந்தப் பெண் சொன்னபோது, அப்படிப்பட்ட வகுப்புப் பெண் காசை மறுப்பாளா என்று சிபில் நம்ப மறுக்கிறார். என் மகள் இங்கே நல்ல ஒரு விஷயத்தைப் பிடித்தாள். வறியவளுக்குப் பசி இருக்கலாம், மனச்சாட்சி இருக்கக்கூடாது என்பதுதான் சிபிலின் வர்க்கப் பார்வை. மனச்சாட்சியும் வெள்ளிக் கரண்டியைப் போல மேல்வீட்டுச் சொத்து. திருடியது அவருடைய சொந்த மகன் என்று பின்னர் தெரியவரும்போது அந்தப் பார்வை அவர் தலையிலேயே வந்து விழுகிறது. அரசாங்கக் காப்புறுதி அன்று ஈவாவுக்கு இல்லை. 1911இல் நிறைவேறிய தேசியக் காப்புறுதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1912 ஜூலையில். நாடகத்தின் இரவோ அதற்கு முந்திய ஏப்ரலில். ஆகவே உதவிக்குத் தகுதியானவள் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் இப்படியான சீமாட்டிகளின் குழுவிடமே இருந்தது.

ஷீலாவைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள் என்பதால் நாங்கள் அதிகம் மினக்கெடவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தோம்: கடையில் வேலை செய்த ஈவாவை நீக்காவிட்டால் அம்மாவைக் கொண்டு எங்கள் கணக்கை மூட வைப்பேன் என்று மிரட்டியவள் அவள், வாடிக்கையாளர் என்ற தகுதி மட்டுமே அவள் கையிலிருந்த ஆயுதம். தொடக்கத்தில் செல்லமாக மம்மி, டாடி என்று பேசுபவளின் பேச்சு போகப் போக மாறுகிறது. மாற்றத்தைச் சொற்களால் காட்ட அது போதும். ஜெரால்ட் கடைசியில் மோதிரத்தை மீண்டும் நீட்டுகிறான். அவன் மாறவில்லை என்பதற்கு அந்தக் கை நீட்டலே சான்று.

வேலைக்காரி எட்னாவை நாங்கள் இருவரும் பல நாட்கள் கவனிக்கவே இல்லை. அவளுக்கு இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில வரிகள், அவற்றிலும் பெரும்பாலானவை வாசலில் யார் வந்திருக்கிறார் என்று அறிவிப்பவை. தை மாதத்தில் ஒருநாள் மகள், அப்பா, லைற் போடுறது ஆர் எண்டு பாத்தனீங்களோ என்று கேட்டாள். மேடை வெளிச்சம் தொடக்கத்தில் இளஞ்சிவப்பாக, அன்னியோன்னியமாக இருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்ததும் பிரகாசமாக, கடுமையாக மாறவேண்டும் என்று பிரீஸ்ட்லி குறிப்பு எழுதியிருக்கிறார். இதை எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்லும். ஆனால் நாடகத்துக்குள் அந்த வெளிச்சத்தைக் கூட்டுவது யார்? இன்ஸ்பெக்டரை உள்ளே விடு, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் போடு என்று பேர்லிங் கட்டளையிட, எட்னா அப்படிச் செய்துவிட்டு வெளியே போகிறாள். அந்த வீட்டின் முகத்தில் விழும் கடுமையான வெளிச்சத்தை ஏற்றுவது அங்கே வேலை செய்யும் பெண்ணின் கை; ஏற்றச் சொன்னவர் அவளுடைய எசமான். மூன்றாம் அங்கத்தில் இரவு வெகுநேரம் ஆனபின் வாசல் மணி அடிக்கும்போது, பேர்லிங் எழும்பப் போக, எட்னா போவாள், தேநீர் போடுவதற்காக அவளை விழித்திருக்கச் சொல்லியிருக்கிறேன் என்கிறார் சிபில். ஒரு தொழிலாளிப் பெண்ணின் சாவைப் பற்றி முழு இரவும் பேசிய வீட்டில், இன்னொரு தொழிலாளிப் பெண் நித்திரை கொள்ளாமல் கதவுக்கப்பால் காத்திருக்கிறாள், அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

எனக்கு இந்த இடம் வேறு விதமாகவும் உறைத்தது. இந்த நாட்டுக்கு வந்த முதல் நான்கு வருடங்களும் ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் மேசை எடுக்கும் வேலை செய்தவன் நான். தட்டை எடுக்கக் குனியும்போது பேச்சை நிறுத்தாதவர்கள்தான் அங்கே பெரும்பாலும் இருப்பார்கள். குடும்பச் சண்டை, வியாபார இரகசியம் எல்லாம் எங்கள் காதுபடவே நடக்கும். முதலாளியின் அந்தஸ்தைப் பற்றி முழுநீளப் பாடம் நடத்திய நான், எட்னாவைக் காணாமல் விட்டதற்கு ஒரு சமாதானமும் சொல்ல முடியாது.

பரீட்சை நுட்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மகள் எழுதியது ஏ.கியூ.ஏ. என்ற பரீட்சைச் சபையின் பாடத்திட்டம். நாடகத்தில் இரண்டு வினாக்கள் வரும், ஒன்றுக்கு விடை எழுத வேண்டும், சுமார் 45 நிமிடம் ஒதுக்கலாம். 30 புள்ளி விடைக்கு, 4 எழுத்துப்பிழை இலக்கணத்துக்கு. அந்த 30இல் கருத்துக்கும் சான்றுக்கும் 12, நாடகாசிரியர் கையாளும் மொழிக்கும் உத்திக்கும் 12, காலப் பின்னணிக்கு 6. மொக் விடையில் அவள் டைட்டானிக்கைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அந்தக் கப்பல் மூழ்கவே மூழ்காது, யுத்தம் வரவே வராது என்று பேர்லிங் அடித்துச் சொல்வதும், 1945இல் எழுதப்பட்டு 1946 ஒக்ரோபரில் லண்டன் மேடையேறிய நாடகத்தைப் பார்க்க வந்தவர்கள் இரண்டு யுத்தங்களைக் கண்டவர்கள் என்பதும் அவசியமான செய்திகள்தான். ஆனால் அவை ஒரு பந்தியாக நிற்கக்கூடாது, ஒரு வசனத்தின் பாதியாக நுழைந்துவிட வேண்டும்: ‘இரண்டு யுத்தங்களைக் கண்ட பார்வையாளருக்கு முன்னால் பேர்லிங்கை இப்படிப் பேச வைப்பதால், அவர் தொழிலாளரைப் பற்றிச் சொல்லப்போவதையும் நம்பாதே என்று பிரீஸ்ட்லி முன்கூட்டியே எச்சரிக்கிறார்.’ இதற்கு மேல் டைட்டானிக்குக்குத் தேவையில்லை.

இடையில் ஒரு ரியூசன் நிலையத்திலும் சேர்த்துவிட்டிருந்தோம். அங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அச்சடித்த மாதிரி விடை கொடுத்து, பாடமாக்கி வரச் சொன்னார்கள். பேர்லிங்கைப் பற்றிய விடை அவளுக்கு மனப்பாடம். ஆனால் பயிற்சி வினா பேர்லிங்கைப் பற்றி அல்லாமல் பொறுப்பைப் பற்றி வந்தபோது, அதே விடையை நடுவில் ‘பொறுப்பு’ என்ற சொல்லைச் செருகி எழுதிவிட்டு வந்தாள். அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் எளியது. நாடகத்தின் ஏதோவொரு பக்கத்தைத் திறப்பது. அந்தப் பக்கத்தில் யார் கட்டளையிடுகிறார், யார் குறுக்கே பேசுகிறார், யாருடைய பேச்சு திருத்தப்படுகிறது, யார் அறையில் இருந்தும் பேசவில்லை என்று பார்ப்பது. பிறகு அதை வைத்து ஒரு பந்தி, பன்னிரண்டு நிமிடத்துக்குள். மாசி முடிவதற்குள் நாற்பது பந்திகள் சேர்ந்துவிட்டன. எந்த வினா வந்தாலும் அவற்றில் நான்கு பொருந்தின.

கோடையில் பரீட்சைக்கு முதல் நாள் இரவு, கடைசியாக எதைப் படிக்கலாம் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், போய்ப் படு என்றேன். படியில் ஏறிப் போனவள் பாதியில் நின்று, எல்லாரும் சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கேக்க எட்னா வெளியில நிண்டு என்ன நினைச்சிருப்பாள் அப்பா என்று கேட்டாள். கிளாசுகளை எப்போது எடுக்கலாம் என்றுதான் நினைத்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை என்றேன். சிரித்துவிட்டு, அது புத்தகத்தில இல்லை, எழுதினால் புள்ளி தரமாட்டினம் என்று சொல்லிக்கொண்டு மேலே போனாள்.